கோடு கிழித்த கணக்கு: தமிழ்க் கிறித்தவத்தில் மன்னிப்பின் மூன்று சொற்கள்

மும்பையின் கோவண்டி, மான்குர்து, சீத்தா கேம்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடன் என்பது உவமை அல்ல. மளிகைக் கடையில் பற்று நோட்டு இருக்கிறது. எடுத்த சீட்டுக்கு மாதத் தவணை இருக்கிறது. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கணக்குகளை மனத்தில் சுமந்தபடி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்கள், இயேசு கற்றுக்கொடுத்த செபத்தைத் தமிழில் சொல்கிறார்கள். மத்தேயு நற்செய்தியில் அந்தச் செபத்தின் ஐந்தாவது விண்ணப்பம் கடன்களை மன்னிக்கும்படி கேட்கிறது. லூக்கா அதே இடத்தில் பாவங்கள் என்று எழுதினாலும், அடுத்த தொடரிலேயே நமக்குக் கடன்பட்டவர்களைக் குறிப்பிடுகிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல் வழங்கியதே இதற்குக் காரணம் என்று விவிலிய அறிஞர்கள் விளக்குகிறார்கள். கிறித்தவத்தின் மையச் செய்தி மன்னிப்பு என்று சொல்லாதவர் இல்லை. அந்தச் செய்தி கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு சொல்லில் வேர்கொண்டிருக்கிறது என்பதுதான் மறந்துபோகிறது.

இந்த மறதி எளிய பிழை அல்ல. மன்னிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு செயல்களை நாம் திணித்து வைத்திருக்கிறோம். பழிக்குப் பழி வாங்காமல் அடக்கிக்கொள்வது ஒன்று. நமக்கு வரவேண்டியதை இனி கேட்பதில்லை என்று கணக்கைத் தள்ளுபடி செய்வது இன்னொன்று. முறிந்த உறவை மீண்டும் கட்டுவது மூன்றாவது. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு: பொறுத்தல், மன்னித்தல், ஒப்புரவாதல். தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் வழிபாட்டில் மூன்றையுமே புழங்குகிறார்கள். கத்தோலிக்கரின் பழைய செபம் பொறுத்தருளக் கேட்கிறது. சீர்திருத்தத் திருச்சபையாரின் செபம் மன்னிக்கக் கேட்கிறது. ஒரு காலத்தில் பாவசங்கீர்த்தனம் எனப்பட்ட அருட்சாதனம் இன்று ஒப்புரவு அருட்சாதனம் எனப்படுகிறது. வேதாகமத்தையும் திருச்சபையின் வரலாற்றையும் நம் நாட்டில் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: இந்த மூன்றையும் குழப்பும்போதெல்லாம் மன்னிப்பு எளியவர்மீது சுமத்தப்படும் இன்னொரு சுமையாகிறது, பிரித்து அறியும்போதெல்லாம் அது விடுதலையாகிறது. எழுதப்பட்ட கடனைத்தான் தள்ளுபடி செய்ய முடியும். நடந்தது என்ன, இழந்தவர் யார், பொறுப்பாளி யார் என்ற கணக்கு எழுதப்படாத இடத்தில் மன்னிப்பு என்று சொல்லப்படுவது மூடிமறைத்தலே.

முதலில் வேதாகமம். எபிரேய வேதத்தில் மன்னிப்பைக் குறிக்கும் ஒரு சொல் கடவுளை மட்டுமே எழுவாயாகக் கொண்டு வருகிறது. மனிதர் எவரும் அச்சொல்லால் மன்னிப்பதில்லை. இன்னொரு சொல்லுக்குத் தூக்குதல், சுமத்தல் என்று பொருள். யோசேப்பை விற்ற அண்ணன்மார் எகிப்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்கும்போது ஆதியாகமம் இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. தமிழின் பொறு என்ற வினையும் இதே படிமத்தைக் கொண்டது. பொறை என்றால் சுமை, அதைத் தாங்கும் வலிமைக்கும் அதுவே பெயர். மூன்றாவதாக, மோசேயின் சட்டம் கடனையே நேராகப் பேசுகிறது. இணைச்சட்டம் 15-ஆம் அதிகாரம் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விடுவிக்கச் சொல்கிறது. லேவியர் 25-ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டில் இழந்த நிலத்தை உரிய குடும்பத்துக்குத் திருப்பச் சொல்கிறது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டை விரித்துச் சிறைப்பட்டோரின் விடுதலையை அறிவித்ததாக லூக்கா எழுதும்போது பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லும், அதே நூலின் முடிவில் பாவமன்னிப்பு எல்லா இனத்தாருக்கும் பறைசாற்றப்படும் என்று எழுதும்போது பயன்படுத்தும் சொல்லும் ஒன்றே. கட்டியிருந்ததை அவிழ்த்துவிடுதல் என்பது அதன் அடிப்பொருள். ஆகவே விவிலியத்தின் மன்னிப்பு உள்ளத்து உணர்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. நிலம், கூலி, அடிமைத்தனம் ஆகியவற்றோடு பிறந்த சொல் அது.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் உவமை இதை எண்களால் காட்டுகிறது. அரசனிடம் ஒருவன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, அது ஆறு கோடி நாள் கூலி. நாக்காவில் காத்து நின்று வேலைக்குப் போகும் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க இரண்டு லட்சம் ஆண்டுகள் வேண்டும். அரசன் அதை முழுக்கத் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்தவன் தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடித்துச் சிறையில் தள்ளுகிறான். இந்த உவமையைப் பாதிக்கப்பட்டவர்களிடம் பிரசங்கிப்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால் கதையில் கண்டிக்கப்படுகிறவன் யார்? பிறரைச் சிறையில் தள்ளும் அதிகாரம் கையில் இருப்பவன். அதைவிடக் கவனிக்க வேண்டியவர்கள் பக்கத்தில் நின்ற மற்ற ஊழியர்கள். நடந்ததைக் கண்டு வருந்திய அவர்கள், அடிபட்டவனிடம் போய்ப் பொறுத்துப்போ என்று சொல்லவில்லை. அரசனிடம் போய் முறையிட்டார்கள். அந்த முறையீட்டை உவமை குற்றமாகச் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில், உவமைக்குச் சற்று முன்னால், தவறு செய்த சகோதரனைத் தனியே கண்டு எடுத்துச் சொல்லவும், கேளாவிட்டால் இரண்டு மூன்று சாட்சிகளோடு போகவும், அப்போதும் கேளாவிட்டால் சபையிடம் சொல்லவும் இயேசு வழி வகுக்கிறார். மன்னிப்பைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற உவமை சாட்சி விசாரணையை அடுத்து வருகிறது.

கணக்கு முதலில், தள்ளுபடி பிறகு என்ற இந்த ஒழுங்கு புதிய ஏற்பாடு முழுவதும் நிலைத்திருக்கிறது. சக்கேயு வீட்டில் இயேசு விருந்துண்டபோது, அந்த வரி தண்டுவோன் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் தருவதாக எழுந்து நின்று சொல்கிறான்; மீட்பு வந்துவிட்டது என்ற அறிவிப்பு அதன் பிறகே வருகிறது. கொலோசெயருக்கு எழுதிய கடிதம் சிலுவையை ஒரு கடன் பத்திரத்தோடு சேர்த்துப் பேசுகிறது: நமக்கு எதிராக இருந்த கையெழுத்துப் பத்திரம் அழிக்கப்பட்டு ஆணியால் அடிக்கப்பட்டது என்கிறது. அந்தப் பத்திரமே பொய் என்று அது சொல்லவில்லை. பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்தில் பவுல், ஒனேசிமு என்ற அடிமையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுவிட்டு, அவன் ஏதாவது தரவேண்டியிருந்தால் அதைத் தன் கணக்கில் எழுதச் சொல்கிறார்; தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதித் தருகிறார். இருவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசுகிறவர் கடனே இல்லை என்று சொல்லவில்லை. தாமே அதை ஏற்கிறார். சமாதானம் பேச வருகிற எவருக்கும் இது ஓர் உரைகல்.

இதற்கு எதிராக முதலில் வைக்கப்படுவது சிலுவையிலிருந்து இயேசு செய்த செபம். தம்மைக் கொல்கிறவர்களுக்காக அவர் எந்த நிபந்தனையும் இல்லாமல் வேண்டினாரே, நாம் கணக்குக் கேட்கலாமா என்பது அந்தக் கேள்வி. மதிப்பான கேள்வி. லூக்கா 23-இல் உள்ள அந்த வசனம் மிகப் பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் இல்லை என்பதைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. திருச்சபை தொடக்க காலம் முதல் அதைத் தன் உயிராகப் போற்றி வந்திருக்கிறது, முதல் இரத்தசாட்சி ஸ்தேவானும் அதே உணர்வில் இறந்தார். ஆனால் அந்தச் செபத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கொல்கிறவர்களிடம் இயேசு பேசவில்லை; தந்தையிடம் பேசுகிறார். செய்கிறது என்னவென்று அவர்கள் அறியவில்லை என்று சொல்லும்போதே, அறிந்திருந்தால் நடுங்கத்தக்க ஒரு செயல் நடக்கிறது என்பதை அவர் உறுதிப்படுத்துகிறார். பழி வேண்டாம் என்ற பொறையும், கணக்கைத் தந்தையிடம் ஒப்படைக்கும் மன்னிப்பும் அதில் முழுமையாக உள்ளன. உறவு மீண்டும் கட்டப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு அதில் இல்லை. லூக்காவின் அதே நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில், தவறு செய்த சகோதரனைக் கண்டிக்கவும், அவன் மனம் வருந்தினால் மன்னிக்கவும் சொல்கிறது. திருவெளிப்பாடு 6-ஆம் அதிகாரத்திலோ, கொலையுண்ட சாட்சிகள் பலிபீடத்தின் அடியிலிருந்து இன்னும் எத்தனை காலம் என்று நீதி கேட்டுக் கதறுகிறார்கள். பரலோகத்திலும் அந்தக் கதறல் அடக்கப்படவில்லை.

திருச்சபையின் வரலாறு இந்த மூன்று செயல்களையும் பிரிக்கவும் குழப்பவும் மாறி மாறிப் பழகியதன் வரலாறு. பேரரசர் தேசியு கி.பி. 250-இல் எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டபோது, பல கிறித்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். துன்பம் தணிந்ததும் அவர்கள் சபைக்குத் திரும்ப வந்தார்கள். அவர்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்றார் ரோமைச் சேர்ந்த குரு நொவாத்தியன். சிறைப்பட்டும் மறுதலிக்காதவர்களின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் உடனே சேர்க்கலாம் என்றனர் சிலர். கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானும் 251-இல் அங்கே கூடிய ஆயர்களும் இடைவழி ஒன்றை வகுத்தனர்: ஒவ்வொருவரும் செய்தது என்ன என்று பிரித்து ஆராய்ந்து, அதற்கேற்ற தவத்துக்குப் பின் சேர்த்துக்கொள்வது. கதவு அடைக்கப்படவில்லை, கணக்கும் மறைக்கப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்யவேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தபோது அந்தக் கணக்கு மனச்சாட்சியின் அந்தரங்கத்துக்குள் போயிற்று. தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டபோது கணக்கு முற்றாகத் திரிந்தது; இழந்தவனுக்குச் சேரவேண்டியது வேறெங்கோ போயிற்று. 1517-இல் லூத்தர் எழுப்பிய குரலின் தொடக்கம் அங்கேதான்.

தமிழ்நாட்டுக்குள் இந்தச் செய்தி வந்த வழியும் கடனோடு பின்னிக்கிடக்கிறது. முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்ற அன்றீக்கு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். 1580-இல் கொச்சியில் வெளிவந்த அவருடைய கொம்பெசியொனாயரு பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் நூல். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று மன்னிப்புக் கேட்கக் கற்றுத்தரும் கையேடு. பிறகு, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த சில வாரங்களில் அவர் சிறையில் இருந்தார். இறந்துபோன நாவிதர் ஒருவரின் கடன் தொடர்பான தகராற்றில் அந்த நாவிதரின் விதவைக்காக மீண்டும் மீண்டும் பரிந்து பேசியது டேனிஷ் தளபதிக்குச் சினமூட்டியது. நான்கு மாதச் சிறை அதன் விளைவு. விடுதலையாகி, 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1714-15-இல் அது அச்சாயிற்று. அவருக்குப் பின் முழு வேதாகமத்தையும் அழகிய தமிழில் தந்த ஃபப்ரீசியுஸ், சென்னையில் தம் முதுமையில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனாளியாகவே சிறைப்பட்டு, 1791-இல் இறந்தார். கடன்களை மன்னிக்கக் கேட்கும் செபத்தை நமக்குத் தமிழில் தந்த இருவரும், ஒருவர் பிறர் கடனுக்காகவும் மற்றவர் தம் கடனுக்காகவும், சிறைக்கதவைப் பார்த்தவர்கள். அவர்கள் கையில் அந்தச் சொல் வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது.

அவர்கள் வந்து சேர்ந்த மொழியில் இந்தச் சிந்தனைக்கு ஏற்கனவே நிலம் பண்பட்டிருந்தது. திருக்குறளின் 16-ஆம் அதிகாரம் பொறையுடைமை. தன்னைத் தோண்டுகிறவனையும் சுமக்கும் நிலத்தை அது முன்மாதிரியாக நிறுத்துகிறது. பொறுப்பதைவிட மறந்துவிடுவது இன்னும் நல்லது என்று அடுத்த குறளிலேயே வள்ளுவர் சொல்கிறாரே, அப்படியானால் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த அறிவுரை தீங்கு செய்யப்பட்டவரின் உள்ளத்துக்குச் சொன்னது. பகையைச் சுமந்து வாழும் வேதனையிலிருந்து அவரை விடுவிக்கச் சொன்னது. அதே வள்ளுவர் செங்கோன்மையில், கொலை செய்வோரை அரசன் ஒறுப்பது பயிர்காக்கக் களையெடுப்பதற்கு ஒப்பு என்கிறார். மறத்தல் தனியொருவரின் உரிமை. மறந்துபோகும் உரிமை அரசுக்குக் கிடையாது. இன்னும் அழகானது 22-ஆம் அதிகாரமான ஒப்புரவறிதல். ஊருணியில் நிறையும் நீர், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்று வள்ளுவர் அங்கே அடுக்குகிறார். ஒப்புரவு அவருக்கு ஊரோடு ஒத்து வாழும் வாழ்க்கையின் பெயர். பவுல் பேசிய நல்லுறவைக் குறிக்கத் தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லை எடுத்தபோது, ஒரு பெரிய பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது: ஒப்புரவு என்றால் மனக்கசப்பு நீங்குவது மட்டுமல்ல, பொதுக் கிணற்றில் எல்லோரும் மொள்ள முடிவது.

இனி, நம் காலத்தின் சாட்சிகள். 1999 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டி ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது தீமோத்தேயும் வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கிரகாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டதாகச் சொன்னது இந்தியாவையே நிற்கவைத்துக் கேட்கவைத்தது. அதே மூச்சில் அவர் இன்னொன்றையும் பிரித்துச் சொன்னார்: தன் மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதனால் கிளாடிஸின் மன்னிப்பு பொய்யாகிவிடவில்லை. அவர் மேலும் சில ஆண்டுகள் பாரிபதாவிலேயே தங்கி அந்தப் பணியைத் தொடர்ந்தார். இன்னொரு சாட்சி கேரளத்தில் பிறந்து மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர் பகுதியில் உழைத்த அருட்சகோதரி ராணி மரியா. வட்டிக்காரர்களிடமும் நிலக்கிழார்களிடமும் சிக்கிய ஏழை உழவர்களை ஒன்றுதிரட்டியதற்காக 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்திக்குத்துகளால் கொல்லப்பட்டார். கொன்ற சமுந்தர் சிங்கைச் சிறையில் கண்டு ராக்கி கட்டினார் அவருடைய தங்கையான சகோதரி செல்மி பால். தீர்ப்பும் சிறையும் இருந்தன. மனம் வருந்துதலும் இருந்தது. குடும்பத்தின் ஒப்புதலோடு 2006-இல் விடுதலையும் வந்தது. அந்த மனிதர் ராணி மரியாவின் வீட்டுக்கே போய் நின்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார். கடன் என்ற சொல்லின் நேர்ப்பொருளில் ஏழைகளுக்காக உயிர்விட்டவரின் குடும்பம், பொறுத்தல், மன்னித்தல், ஒப்புரவாதல் என்ற மூன்று படிகளையும் ஏறிக் காட்டியது.

மூன்றாம் படி மறுக்கப்பட்ட இடங்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; சீயோனில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டின் உயிர்ப்புத் திருப்பலியில் கர்தினால் மல்கம் ரஞ்சித் தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதன் பிறகும் அவர் ஓயவில்லை. பின்னால் இருந்தவர் யார், தடுக்கத் தவறியவர் யார் என்ற உண்மையைத் தொடர்ந்து கேட்டு வந்தார். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இலங்கையின் உள்நாட்டுப் போரின் முடிவைப் பற்றியோ அந்த அளவு கணக்கும் எழுதப்படவில்லை. 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு சாட்சி சொன்னபோது, வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று அரசின் புள்ளிவிவரங்களையே ஒப்பிட்டுக் காட்டினார். மன்னிப்பைப் போதிக்கும் ஆயர் நல்லிணக்கம் கேட்ட அவைக்கு ஓர் எண்ணைக் கொண்டுபோனது முரண் அல்ல. வேதாகமம் காட்டிய ஒழுங்கு அதுவே. 2017 முதல் கிளிநொச்சியில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான்.

நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் பேராயர் டுட்டு தலைமையில் 1996-இல் பணி தொடங்கிய உண்மை, நல்லிணக்க ஆணையம் இந்த ஒழுங்கைச் சட்டமாக்க முயன்றது. செய்ததை முழுமையாக வெளியே சொன்னால் மட்டுமே பொதுமன்னிப்பு என்பது விதி. 7,000-க்கும் மேற்பட்ட மனுக்களில் 849 பேருக்கே அது கிடைத்தது. அந்த ஆட்சியின் காவலில் இறந்த ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம் இதை எதிர்த்து நீதிமன்றம் போனது. எங்கள் கடனை எங்களைக் கேட்காமல் அரசு தள்ளுபடி செய்யலாமா என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. உண்மை வெளிவந்தாலும் பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினால் மன்னிப்பு முழுமையாவதில்லை. நம் மும்பையில் உண்மையே போதிய பலன் தரவில்லை. 1992 டிசம்பர், 1993 ஜனவரிக் கலவரங்களில் கோவண்டியைத் தொட்ட தேவ்னார் பகுதியும் எரிந்தது. 1998-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தந்த அறிக்கை 900 பேர் இறந்ததைப் பதிவு செய்தது. காணாமல் போன 168 பேரில் 108 பேரின் குடும்பங்களைத் தேடி இழப்பீடு கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லவேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளாகப் பக்கம் திறந்தே கிடந்த கணக்கு அது. ஆயினும் ஒப்புரவின் வேலை மக்களிடையே நடந்தது. தாராவியில் பாவ் கோர்டேயும் வகார் கானும் தெருத்தெருவாக அமைதிக் குழுக்களைக் கட்டினார்கள். அதை, கோவண்டி நிலையத்துக்கு அருகில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆசிரியர்கள் ஜெயசங்கரும் அஞ்சலி மோந்தேரோவும் 2003-இல் நாத்தா என்ற ஆவணப்படமாக்கினார்கள். இந்துவும் முஸ்லிமுமான அந்த இரு நண்பர்களின் வேலையில் நற்செய்தியின் ஒப்புரவை அடையாளம் காண்பதற்குக் கிறித்தவர் தயங்கவேண்டியதில்லை.

கணக்கைத் திருப்பித் தன்மேலும் வைக்காத திருச்சபை மன்னிப்பைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கும். தமிழ்க் கிறித்தவம் சாதியைக் கோவிலுக்குள் கொண்டுவந்தது. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் கோவிலில் ஒரே பீடத்தின் முன் இரு சாதியாரைப் பிரித்து வைத்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அந்தப் பிரிவை உரிமையாகக் கேட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் எழுதினார். ஆனாலும் கல்லறைகள் பல ஊர்களில் பிரிந்தே இருந்தன. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தில் சபைக்குள் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. அது கணக்கின் முதல் வரி. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்த குடும்பங்களில் பல, அந்தப் பிரிவினையிலிருந்தும் தப்பி வந்தவை. கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று, பழசை மறந்துவிடுவோம் என்று அவர்களிடம் சொல்வது எளிது. சக்கேயுவைப் போல எழுந்து நின்று எதைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்வதே கடினம். பதவியிலும் பள்ளியிலும் கல்லறையிலும் பங்கு தருவதே அந்த நான்கு மடங்கு.

இன்னும் இரண்டு தடைகளுக்கு விடை சொல்லவேண்டும். 1887-இல் தத்துவ அறிஞர் நீட்சே, ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் ஒரே வேர் இருப்பதைச் சுட்டி, கிறித்தவத்தின் இரக்க ஒழுக்கம் பழிவாங்க முடியாத எளியவர்கள் தங்கள் இயலாமைக்குப் போட்ட நல்ல பெயர் என்றார். மன்னிப்பு எளியவர்மீது கட்டாயமாகும் இடங்களில் அவர் சொன்னது உண்மையாகிவிடுகிறது; அதனால்தான் அந்தக் கட்டாயத்தை எதிர்க்கிறேன். ஆனால் கிளாடிஸிடமும் செல்மி பாலிடமும் இயலாமை இல்லை. வழக்கும் உலகத்தின் கவனமும் தங்கள் பக்கம் இருந்தபோது அவர்கள் மன்னித்தார்கள். இரண்டாவது தடை எதிர்த்திசையிலிருந்து வருகிறது: குற்றவாளி வருந்தினால்தான் மன்னிப்பு என்றால், வருந்தாத குற்றவாளியின் கையில் பாதிக்கப்பட்டவர் காலமெல்லாம் கைதியாக இருக்கவேண்டுமா? மூன்று சொற்களைப் பிரிப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. பொறுப்பதற்கும் மன்னிப்பதற்கும் எதிராளியின் அனுமதி தேவையில்லை. ஒப்புரவுக்குத்தான் இருவர் வேண்டும். கணவனிடம் அடிபடும் பெண்ணிடம், பொறுத்துப்போம்மா, வேதம் அப்படித்தான் சொல்கிறது என்று வீட்டாரும் சில வேளை சபையாரும் சொல்லும்போது, மூன்றும் ஒன்றாகப் பிசையப்படுகின்றன. அவள் வெறுப்பை விட்டுவிடலாம். அதற்காக அந்த வீட்டுக்கு மீண்டும் போய் அடிவாங்க வேண்டியதில்லை, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறவும் வேண்டியதில்லை. மனமாற்றம் கேளாத மன்னிப்பை மலிவான அருள் என்று 1937-இல் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் கண்டித்தார். விலை கொடுக்கவேண்டியவர் குற்றம் செய்தவர். அந்த விலையையும் அடிபட்டவளிடமே வசூலிப்பது இரட்டை வட்டி.

ஆகவே, தவக்காலத்தில் மன்னிப்பைப் பிரசங்கிக்கிறவர்கள், உறவினர் சண்டையில் சமாதானம் பேச உட்காருகிறவர்கள், நல்லிணக்கம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் எல்லோரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு: இழந்தவர் தன் இழப்பைச் சொல்லி முடித்துவிட்டாரா? தள்ளுபடி செய்யும் பேனா அவர் கையில் இருக்கிறதா? பவுலைப் போல அந்தக் கடனில் ஒரு பங்கையாவது நடுவர் தம் கணக்கில் ஏற்கிறாரா? மளிகைக் கடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு குடும்பத்தின் பாக்கியை விட்டுக்கொடுக்கும்போது, நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிவதில்லை. குறுக்கே ஒரு கோடு போடுகிறார். கோட்டுக்கு அடியில் தேதியும் தொகையும் படிக்கக்கூடியபடி இருக்கின்றன. இனி அதைக் கேட்டு எவரும் வாசலுக்கு வருவதில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்ததாக யோவான் எழுதுகிறார். சீடர்களுக்குச் சமாதானம் சொன்னவர் அந்தத் தழும்புகளைக் காட்டியே சொன்னார்.